சொந்தச் சேமிப்பு என்னும் கட்டம்

ஆம்பூர் கடைத்தெருவில் வேலாயுதத்தின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் தோல் வாசனையும் சாயங்கால வெயிலும் சேர்ந்தே நுழைகின்றன. சட்ட மேற்படிப்பு உதவித்தொகை விண்ணப்பத்தில், 'சொந்தச் சேமிப்பு' என்ற கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு திரையில் மின்னி மின்னிக் காத்திருக்கிறது; ஹெப்சி அதையே பார்க்கிறாள். "முட்டை போடும்மா. பணம் இருக்குதுன்னு தெரிஞ்சா உதவி கம்மியாய்டும். இங்க வர்றவங்க எல்லாம் அதான் போட்றாங்க" என்கிறார் வேலாயுதம். "பி.எல். முடிச்சிட்டு நாலு வருஷம் ஷூ கம்பெனியில நின்னுகிட்டே செக்கிங் பாத்து சேத்ததுண்ணா. இல்லவே இல்லன்னு என் கையாலயே எப்படி எழுதறது?" "சரி, கம்மியா குடுத்தா இன்னா பண்ணுவ?" மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைக் குளிர்ந்த தரையில் பதித்துக்கொள்கிறாள் ஹெப்சி. "இன்னொரு வருஷம் நிப்பேன்." சொல்லிக்கொண்டே, ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்தை ஒரு ரூபாயும் குறைக்காமல், ஒவ்வோர் எண்ணாக அழுத்துகிறாள்.