மச்சான் நகர்கிறார்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளை முதல் எனக்குக் காப்பி கிடைக்காமல் போகட்டும். லேவார்டன் நகரில் எங்கள் வீட்டு மாடியில் புதிதாகக் கட்டிய குளியலறைக்குள் என் மனைவி ஹிஸ்கே தலை நிறைய நுரையோடு நிற்கிறாள். காலடியில் தண்ணீர் வடியாமல் ஏறுகிறது. இன்னும் ஒரு விரற்கடை ஏறினால் கீழே எங்கள் மெத்தையில் சொட்டும். மூடிய கதவுக்கு வெளியே குழாய்க்காரர் ஃபோல்கெர்ட் தரையில் ரசமட்டம் வைக்கிறார். குமிழி வடிகுழாய்ப் பக்கமே ஒதுங்குகிறது. "அடைப்பெல்லாம் இல்லீங்க. அந்தப் பக்கம் வீடு உசந்திருக்கு. இந்தப் பக்கம் பாரமா ஏதாச்சும் இருக்கா?" "என் மச்சான் இருக்காரு." கீழே பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருக்கும் வீபேயைக் கூப்பிடுகிறேன். "மச்சான், கொஞ்சம் வடிகுழாய்ப் பக்கத்துப் பின்மூலைக்கு நகருங்க!" "சூப்ப முடிச்சுக்கறேன், மாப்பிள்ளை." "கண்ணு எரியுது! கிண்ணத்தோட அவனத் தள்ளிவிடுங்க!" என்று உள்ளிருந்து அலறுகிறாள் அவர் தங்கை. நாற்காலி கிறீச்சிட்டு நகர்கிறது. வீபே மூலையில் அமர்கிறார். விளக்கு மெல்ல ஆடுகிறது. குமிழி நகர்ந்து மறுபக்கம் போகிறது. வடிகுழாய் 'களக்'கென்று விழுங்குகிறது. ஒரு மனிதர் உட்கார்ந்தே வீட்டைச் சாய்த்துவிட்டார். எங்கள் வீடு, கால்வாய்க் கரையில் கட்டிப்போட்டிருக்கும் இரண்டடுக்குப் படகு.