ஆறாத லேப்டாப்

“ஹேமநாத்! போதும், அந்த கேமை நிறுத்துடா!”

கூடத்து சோபாவில் இருந்தபடியே தனகோடி முழங்கினார். பட்டு வியாபாரிகள் சங்கத்தில் துணைத் தலைவர் என்பதால் வீட்டிலும் அவருக்கு மேடைக் குரல்தான்.

லேப்டாப் பழுது பார்க்க வந்திருந்த திலகவதியிடம் திரும்பினார். “கேட்டியாம்மா? உள்ள ஃபேன் கத்துறது பவர்லூம் கணக்கா இங்க கேக்குது. மெத்தை மேலயே வெச்சிகினு ஆடுவான். காத்து போவ வழியில்லன்னா சூடாவாதா? நானெல்லாம் அந்த வயசுல தறியை விட்டு எழுந்ததே இல்ல.”

“தறி மேலயே தூங்கிகினு இருந்தா எப்பிடி எழுந்திருப்பீங்க?” என்றாள் காபியோடு வந்த அவர் மனைவி கமலம்.

திலகவதி சிரித்தபடி அறைக் கதவைத் திறந்தாள். மெத்தை மேல் லேப்டாப்பில் கேம் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

“தம்பி எங்கங்க?”

“கனடாவுல. போயி மூணு வருஷமாவுது.” கமலம் குரலைத் தாழ்த்தினாள். “சாயந்திரமானா இவரே கேமைப் போட்டு வெச்சிட்டு, கூடத்துல வந்து ஒக்காந்து திட்டுவாரு.”

அறை வாசலில் தனகோடி வந்து நின்றார். திலகவதி லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“இப்பிடியே சுட்டுகினு இருந்தா போர்டு போயிடும் சார். கேம் போடாதீங்க. மேசை மேல வெச்சா சில்லுன்னு இருக்கும்.”

“சில்லுன்னு வேணாம்மா. கெட்டுப் போவாம மட்டும் பாத்துக் குடு.” தனகோடி கீபோர்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். “இந்தச் சூடு இருந்தாத்தான், பையன் இப்பத்தான் எழுந்து வெளிய போனாப்புல இருக்கு.”