கண்ணாடிக்கு ஒரு காலுறை

யார்க்‌ஷயர் மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் காரவான் வீட்டுவண்டியின் படியில் ஏப்ரல் வெயில் இப்போதுதான் வந்து உட்கார்கிறது. கல்சுவருக்கு அப்பால் ஆட்டுக்குட்டிகள் காரணமில்லாமல் துள்ளுகின்றன. காரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் தன்னையே எதிரியாக எண்ணி, வில்ஃபும் நோரீனும் விடுமுறைக்கு இங்கே வந்த நாளிலிருந்து ஓர் ஆண் வாலாட்டிக் குருவி கொத்திக்கொண்டே இருக்கிறது. இன்று அலகோரம் ரத்தம். வில்ஃப் தன் நீலக் கம்பளிக் காலுறை ஒன்றைக் கழற்றிக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டு, ஈரப்புல்லில் ஒரு பாதம் வெறுமையாக, படிக்குத் திரும்புகிறார்.

"நான் பின்னின சாக்ஸ்தான் கெடச்சுதா உனக்கு?" என்று தேநீரை நீட்டுகிறார் மனைவி நோரீன்.

"நூல் தொங்கிக் கூசுது. ஒழுங்கா முடிச்சுப் போடவே உனக்கு வராது."

"கல்யாணமான நாள்லேருந்து இதே பாட்டு."

குருவி காலுறைமேல் உட்கார்ந்து அங்குமிங்கும் பார்க்கிறது. சண்டைக்கு ஆளில்லை. அப்போது பெண்குருவி இறங்கி வந்து, தொங்கும் நூலைக் கவ்வி இழுக்கிறது. நூல் பிய்ந்து வருகிறது. அலகில் நீலத்தோடு அது கல்சுவரின் இடுக்கில் கட்டிவரும் கூட்டுக்குள் நுழைகிறது.

இருவரும் தேநீரைக் குடிக்க மறந்திருக்கிறார்கள். வில்ஃப் மெல்லக் குனிந்து மற்றக் காலுறையையும் கழற்றித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதுலயும் ஒண்ணு தொங்குது," என்கிறார் பெருமையாக.