காரணம் கேட்க வந்த டீச்சர்

“நிறுத்துங்கண்ணே, ஜீப்பை நிறுத்துங்க.”

பிரேக் கிறீச்சிட்டது. போடிமெட்டுக்குக் கிளம்பிய ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பை ஸ்கூட்டரால் மறித்து நின்றார் சிவரஞ்சனி டீச்சர். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டாள் முத்துப்பிரியா. ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தே ஒரு மாதமாகிறது.

“வெரசா முடிங்க டீச்சர். எட்டு மணிக்குத் தோட்டத்துல நிக்கலேன்னா கங்காணி அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிருவான்” என்றார் டிரைவர் ராக்கையா.

டீச்சர் கையில் ஒரு படிவம் இருந்தது. பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள், நடுநிலைப் பள்ளியில் எதை மாற்ற வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள்.

முத்துப்பிரியாவின் அம்மா அமுதவள்ளி இறங்கி வந்தாள். மகளைத் தான் நிறுத்தவில்லை என்றாள். பெரியமனுஷி ஆன பிள்ளையை வீட்டில் தனியாக விட மனசில்லாமல்தான் மலைக்குக் கூட்டிப் போகிறாளாம். பள்ளிக்கூடம் போகச் சொல்லி அடித்தும் பார்த்தாளாம். ஏன் மாட்டேன் என்கிறாள் என்று கேட்டால் வாயையே திறப்பதில்லையாம்.

டீச்சர் நம்பவில்லை.

“இந்தக் கதையெல்லாம் நான் நெறையக் கேட்டாச்சும்மா. வயசுக்கு வந்துட்டா மூட்டையக் கட்டச் சொல்லிருவீங்க, பழியத் தூக்கிப் புள்ள மேல போடுவீங்க. ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு ஒனக்கு வெக்கமா இல்ல?”

ஜீப்பில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அமுதவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘பெற்றோரின் மூடப்பழக்கம்’ என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார் டீச்சர். அந்தம்மா விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஏலச்செடிச் சாறு அப்பிக் கறுத்த விரல்கள்.

அவள் பேனாவை வாங்குவதற்குள் முத்துப்பிரியா குதித்து இறங்கினாள். டீச்சரின் கையைப் பிடித்து ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனாள். மற்றவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்று, டீச்சருக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மாவைத் திட்டாதீங்க டீச்சர், அதுக்கு எதுவும் தெரியாது. அன்னைக்கு வயித்த வலிக்குதுன்னு உங்ககிட்டக் கக்கூஸ் சாவி கேட்டேன்ல, அது டீச்சர்களுக்கு மட்டுந்தான், மணியடிக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டு நில்லுன்னு பயலுக முன்னாடி பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துனீங்கள்ல... அந்தப் பெஞ்சு மேல வச்சுத்தான் நான் பெரியமனுஷி ஆனேன்.”