ஷிபுவின் பெயர்
பொன்செல்வி இணைப்புப் பொத்தானை அழுத்துகிறாள். இனி நிறுத்த முடியாது. கழக்கூட்டம் ஐ.டி. பூங்கா அலுவலகக் கண்ணாடியில் மழை வழிகிறது. அவர்கள் பராமரிக்கும் ஆஸ்பத்திரியின் கிளவுட் கிடங்கில் நோயாளிகளின் விவரங்களை யார் யார் திறக்கிறார்கள் என்று புது மென்பொருள் ஒவ்வொரு பெயராகத் திரையில் ஏற்றுகிறது. மேலாளர் அஜீஷ் டீக் கோப்பையோடு பின்னால் குனிகிறார். ஆவி அவள் காதைத் தொடுகிறது. “ஷிபு இங்கே வேலையை விட்டு துபாய் போயி ரெண்டு வருஷம் ஆச்சுல்லே? பின்னே இன்னைக்குக் காலையில அவன் பேர்ல உள்ளே கேறினது யாரு, பேயா? யாரானாலும் இன்னைக்கே வேலை போச்சு, கேட்டியா!” “தெரியல சாரே.” அவள் விசைப்பலகையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். ‘உனக்கு அனுமதி வரும்வரை வைத்துக்கொள்’ என்று ஷிபு போகும்போது எழுதிக்கொடுத்த அவனுடைய கடவுச்சொல், மஞ்சள் சீட்டாக, அதன் அடியில்தான் ஒட்டியிருக்கிறது.