சந்தையில் கிடைத்த பல்

சந்தைக்குள் எட்வினை அடித்துக் கொன்ற கூட்டம், ரத்தம் காய்வதற்குள் பல் ஆய்வகத்துக்கு வந்து நின்றது. முன்னால் நின்ற தனபால் ஒரு மேல்வரிசை முன்பல்லை மேசையில் வைத்தான்.

"எட்வின் பல்லு, மேடம். அவன் பழைய மனுச இனம்னு எழுதிக் குடுங்க. எழுதிட்டா சட்டப்படி அவன் மனுசனே இல்ல, இது கொலைக் கேஸ் ஆகாது."

புதைபடிவப் பற்களில் இனம் காண வைத்திருந்த கருவியில்தான் இப்போது உயிரோடிருப்பவர்களின் பற்களையும் சோதித்தார்கள். ஆய்வாளர் மரகதவல்லி பல்லைச் சுரண்டி, தூளை அதில் வைத்தாள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதாக நம்பப்பட்ட இனம் என்று திரை காட்டியது.

நிமிர்ந்தவள் தனபாலின் வாயைப் பார்த்தாள். உதடு கிழிந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை.

மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"இது எட்வின் பல்லு இல்லங்க. அடிதடியில உங்க வாயிலேர்ந்து விழுந்தது."

தனபால் நாக்கால் அந்த இடத்தைத் துழாவினான். முகம் வெளுத்தது.

"என்னாச்சுண்ணே?" என்று வெளியிலிருந்து ஒருவன் கேட்டான்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போயிடுங்க," என்றாள் மரகதவல்லி.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க, மேடம். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பல் சோதனை. பல்லு இருந்தாத்தான சோதிப்பாங்க?"

தட்டில் கிடந்த பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே ஓடினான். அவளும் பின்னாலேயே ஓடினாள். அவன் வீட்டுத் தெருவை அவள் எட்டும்போதே சின்ன மகளின் அலறல் கேட்டது.