இறுகிய இழை

உயிரணுவுக்குள் சூடு ஏறிக்கொண்டிருந்தது. சூட்டைத் தாங்கும் புரதத்தின் குறிப்பு டிஎன்ஏ இழையில் இருந்தது. அதை நகலெடுக்க நகலி என்ற நொதி பதறியடித்து ஓடியது. ஓட ஓட, முன்னால் இழை முறுக்கேறி இறுகியது. பாதியில் நகலியால் அசையவே முடியவில்லை.

"வழி விடேன்!"

"நீ தள்ளத் தள்ளத்தான் எனக்கு முறுக்கேறுது," என்று திணறியது இழை.

கத்தரி என்ற நொதி ஓடிவந்தது. "உன் ரெண்டு புரியில ஒண்ணை வெட்டுறேன். முறுக்கு இறங்கினதும் ஒட்டிடுறேன்."

"ஒட்டாம போச்சுன்னா?" என்று பதறியது இழை.

அதற்குள் கத்தரி வெட்டிவிட்டது. இழை சுழன்று தளர்ந்தது, வெட்டும் ஒட்டிக்கொண்டது. நகலி குறிப்பின் கடைசி எழுத்துவரை ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தது. முன்னால் இறுக்கிய அதே ஓட்டத்தால், தான் கடந்த பாதையில் இழை நெகிழ்ந்து திறந்திருந்தது. அங்கே இன்னொரு நகலி அவசரமாக ஏறிக்கொண்டிருந்தது.

"மெதுவாப் போ, முன்னால இறுகிடும்," என்று இது சொல்ல வாயெடுப்பதற்குள் அது ஓடத் தொடங்கிவிட்டது.